எந்த அம்மைக்கு இந்த ஊசி?

என் தங்கை 2022-இல் தலைப்பிரசவத்துக்காகத் தஞ்சை மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனதும், ஒரு புதன்கிழமை காலையில், அவளும் அம்மாவும் நானுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள் என்பது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் கிடந்த சிமெண்ட் பெஞ்சிலும் சுவரோரத் திண்ணையிலுமாகப் பதினைந்து தாய்மார்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்து உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இடது தொடையில் ஓர் ஊசி, வலது தொடையில் ஓர் ஊசி, வலது மேற்கையில் தோலுக்குள் ஒரு சிறிய ஊசி, வாயில் இரண்டு வகைச் சொட்டு மருந்து. நர்சம்மா அட்டையில் அடுத்த தேதியைக் குறித்து, ஒரு சிறிய குப்பியையும் கையில் கொடுத்து, "அடுத்த மாசம் இதே மாதிரி புதன்கிழமை வந்துடுங்கம்மா" என்றார். எந்த ஊசி எந்த நோய்க்கு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று இரவு பதினோரு மணிக்குக் குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தது. இடது தொடையில் ஊசி போட்ட இடம் கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. காலை அசைத்தாலே வீறிட்டு அழுத குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தங்கையும் அழுதாள். செய்தி கேள்விப்பட்ட அவள் மாமியார் தொலைபேசியில், "இனிமே அங்க ஊசி போடவேண்டாம், இங்க வந்ததும் நம்ம டாக்டர்கிட்ட பாத்துக்கலாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நள்ளிரவு தாண்டியபின் அட்டையைத் தேடி மஞ்சப்பையைக் கவிழ்த்தபோதுதான் காலையில் கொடுத்த குப்பி என் கண்ணில் பட்டது. விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பார்த்தால், அது காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்து. எத்தனை சொட்டு என்பதைக்கூட யாரோ பேனாவால் மேலே எழுதியிருந்தார்கள். அம்மா அதைச் சத்து மருந்து என்று நினைத்து, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகட்டும் என்று எடுத்து வைத்திருந்தார்.

மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. குழந்தை பால் குடித்துத் தூங்கியது. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. அரசாங்கம் காசு வாங்காமல் மூன்று ஊசியும் இரண்டு சொட்டு மருந்தும் கொடுத்து, காய்ச்சல் வந்தால் போடுவதற்கு மருந்தையும் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறது. "ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீங்க, வந்தா இதைக் கொடுங்க" என்ற ஒரு வாக்கியம் மட்டும் வந்து சேரவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால், ஒரு குடும்பமே அடுத்த ஊசி வேண்டாம் என்று தீர்மானிக்கும் இடத்துக்கு ஓர் இரவுக்குள் வந்து நின்றது.

அதன் பிறகு தங்கையோடும், அவள் போனபின் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணையாகவும், பல புதன்கிழமைகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச்சு கொடுப்பது என் வழக்கம். "இன்னிக்கு என்ன ஊசி?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரித்தான் பதில் சொன்னார்கள்: ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூணரை மாச ஊசி, ஒன்பதாம் மாச ஊசி, ஒன்றரை வயசு ஊசி. கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் "காய்ச்சல் ஊசி" என்றும் "தொடை ஊசி" என்றும் சொன்னார்கள். தேதி தவறாமல் வருகிறார்கள், அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள், மழையில் நனைந்தபடியும் வருகிறார்கள். ஆனால் அந்த ஊசி எந்த நோயைத் தடுக்கிறது என்று கேட்டால், போலியோவைத் தவிர வேறு பெயர் பெரும்பாலும் வருவதில்லை. ஒன்றரை மாதத்தில் தொடையில் போடும் ஐந்து நோய் ஊசிக்குள் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, மஞ்சள் காமாலையின் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி, நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்குமான தடுப்பு இருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இது அரசுத் திட்டத்தில் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்கு எங்கள் பெஞ்சில் வழங்கும் பெயர் "காய்ச்சல் ஊசி" என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தடுக்கும் நோயால் பெயர் பெறவேண்டிய மருந்து, அது தரும் ஓரிரவுத் தொல்லையால் பெயர் பெற்றிருக்கிறது.

இதைத் தாய்மாரின் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்குச் சொல்லப்பட்டது தேதி மட்டுமே. சொல்லப்பட்டதை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சொற்களே குழப்பத்தை உண்டாக்கும் இடம் ஒன்று உண்டு, அதுதான் அம்மை. நம் மொழியில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாமே அம்மைதான். தட்டம்மையைச் சில ஊர்களில் மணல்வாரி என்பார்கள். பொன்னுக்கு வீங்கியைக்கூட அம்மைக்கட்டு என்று சொல்லும் ஊர்கள் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்வதே எங்கள் பக்கத்து வழக்கம். கிருமியின் கணக்கில் இவை வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. அரசு ஒன்பதாம் மாதத்திலும் பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள்ளும் போடும் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. ரூபெல்லா என்பது இன்னொரு தடிப்புக் காய்ச்சல். சின்னம்மைக்கான ஊசி அரசு அட்டவணையில் இல்லை. தனியாரிடம்தான் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளவேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கும் அப்படியே.

ஒரு புதன்கிழமை, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் நாலு வயதுப் பையனுமாக வந்திருந்த ஒரு பெண், "பெரியவனுக்கு அம்மை ஊசி ரெண்டும் போட்டேங்க்கா. போன சித்திரையில அம்மை வார்த்து எடுத்துடுச்சு. அப்புறம் எதுக்கு இந்த ஊசி?" என்று என்னிடம் கேட்டாள். பையனின் நெற்றியிலும் கன்னத்திலும் கொப்புளம் உடைந்து ஆறிய சிறு குழிகள் தெரிந்தன. பார்த்தாலே தெரியும், அது சின்னம்மை. அவன் போட்டுக்கொண்ட ஊசி தன் வேலையைத் தவறாமல் செய்துதான் இருந்தது. அவனுக்குத் தட்டம்மை வரவில்லை. ஆனால் அந்தத் தாயின் கணக்கில் அம்மைக்கு ஊசி போட்டும் அம்மை வந்துவிட்டது. அவள் நியாயம் பிசகில்லாத நியாயம். "இந்த ஊசி தட்டம்மைக்கு, சின்னம்மைக்கு இல்லை" என்று ஊசி போடும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் பிறந்தே இருக்காது. நான் சொன்னதைக் கேட்டு ஒரு கணம் பையனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இத யாரும் சொல்லலியேக்கா" என்றாள்.

தட்டம்மையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் மனப்பான்மையும் இந்தச் சொல் கலப்பிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். வேப்பிலையும் இளநீரும் போதும், மூன்று தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று சின்னம்மையைப் பார்த்துப் பழகியவர்கள் தட்டம்மையையும் அப்படியே நினைக்கிறார்கள். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி, கண்பார்வை இழப்பு வரை கொண்டுபோய்விடக்கூடிய நோய் அது. தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு குழந்தையிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவும் என்பார்கள். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அது தலைகாட்டாமல் இருக்கும். ஆத்தாவிடம் பயபக்தியோடு இருக்கும் பாட்டிகளிடம் நான் வாதாடுவதில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அதே கைகள்தான் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை பெஞ்சில் வந்து உட்காருகின்றன. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றவில்லை.

என் அம்மாவின் இடது மேற்கையில் காசளவுக்கு வட்டமாக இரண்டு தழும்புகள் உண்டு. "எங்க ஊருக்கு அம்மை குத்தறவங்க வந்தா, பிள்ளைங்க எல்லாம் வைக்கப்போருக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவோம்" என்று சொல்வார். அம்மை குத்துதல் என்ற அந்தச் சொல்லே இப்போது வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பி, வாழ்நாள் முழுக்கத் தொடையில் கையை ஊன்றி நடந்தவர். அதனால்தான் 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது, யாராவது வந்து சொல்லட்டும் என்று அம்மா காத்திருக்கவில்லை; தெருவிலுள்ள பிள்ளைகளையெல்லாம் அவரே அழைத்துக்கொண்டு போனார். சொட்டு மருந்து எதற்கு என்று அவருக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மாமா நடந்துபோவதை அந்தத் தெருவே தினமும் பார்த்துக்கொண்டிருந்தது.

என் தங்கையின் தலைமுறை கால் சூம்பிய குழந்தையைப் பார்த்ததில்லை. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சுத் திணறிய குழந்தையையோ, முதுகு வில்லாக வளைந்து இழுத்த பச்சிளங்குழந்தையையோ தங்கை கேள்விப்பட்டதும் இல்லை. அவள் கண்ணால் பார்ப்பது ஊசியையும், அதன் பின் வரும் காய்ச்சலையும் மட்டுமே. அம்மாவின் காலத்தில் நோயே பாடம் சொல்லிக் கொடுத்தது. இப்போது அந்தப் பாடத்தை மனிதர்கள் வாயால்தான் சொல்லவேண்டும்.

நான் மட்டும் தெளிவாக இருந்தவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் 2017-இல் நடந்ததையும் எழுதுகிறேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடும் பெரும் முகாம் தொடங்கியது. பள்ளிகளிலேயே போட்டார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, யூகேஜி. பள்ளி நாட்குறிப்பில் இரண்டே வரியில் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய நாளே எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்துவிட்டது. இந்த ஊசி போட்ட பெண் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது, எக்காரணம் கொண்டும் போடவிடாதீர்கள் என்று அழுதுகொண்டே பேசினாள் அந்தப் பெண். குழுவில் படித்தவர்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை, கைகூப்பிய பொம்மைகளைப் போட்டு மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். ஊசி போடும் நாளில் நான் என் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

அன்று என்னிடம் இருந்தது பிடிவாதம் இல்லை, ஒரு கேள்விதான். ஒன்பதாம் மாதத்திலேயே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடியும் ஏன் போடவேண்டும்? அரசு சொல்லும் காரணம் என்ன? கேட்பதற்கு ஆள் இல்லை. பள்ளியில் கேட்டால், மேலிடத்து உத்தரவு என்றார்கள். கடைசியில் எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவசரப்படாமல் சொன்னார். முதல் ஊசியில் எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை, அதனால் இன்னொன்று தேவை என்றார். ரூபெல்லா குழந்தைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு வந்தால், கரு கலையலாம், அல்லது குழந்தை காது கேளாமலும் கண்ணில் புரையோடும் இதயத்தில் ஓட்டையோடும் பிறக்கலாம் என்றார். பையன்களுக்கும் ஏன் போடுகிறார்கள் என்றால், நோயை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் அவர்களாகவும் இருக்கலாம் என்பதால்தான். "உங்க பொண்ணு நாளைக்கு அம்மா ஆகும்போது, அவ வயித்துல இருக்கற பிள்ளைக்குத்தாங்க இந்த ஊசி" என்றார்.

பிள்ளை பிறக்காது என்று பயமுறுத்திய அதே ஊசி, பிறக்கப்போகும் பிள்ளையைக் காப்பதற்காகவே இருந்தது. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டித்திருந்தார்கள். அந்த வாரமே மகளை அழைத்துப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். குரல் பதிவை அனுப்பிய அத்தைக்கு எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. அந்த ஊசியின் உண்மையான காரணம் இவ்வளவு அழகானதாக இருந்தும், அதை முதலில் எங்கள் காதில் போடாமல், இரண்டு வரி அறிவிப்பை மட்டும் அனுப்பிய முறையைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. வெற்றிடம் விட்டால் அதில் யாராவது பேசத்தான் செய்வார்கள்.

ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற பயமும் பெஞ்சில் அவ்வப்போது தலைகாட்டும், குறிப்பாகப் பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகும் வீடுகளில். 1998-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. எழுதியவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். பேச்சு வரவேண்டிய வயதும் ஒன்றரை வயது ஊசியின் காலமும் அடுத்தடுத்து வருவதால் ஒரு தாய் இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்பு. அவளிடம் இந்தக் கதையைப் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறாள்.

பயம் முழுவதும் வதந்தியால் வந்தது என்று சொல்வதும் நேர்மையாகாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. அது உண்மை, அந்த வீடுகளின் இழப்பை எந்த விளக்கமும் ஈடுகட்டாது. அதன் பின் சில காலம் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடவேண்டும் என்று மாநில அரசு மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் அங்கன்வாடியில் கிடைத்த ஊசிக்குப் பேருந்து ஏறவேண்டியதாயிற்று. அன்றைய கூலியும் போயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எல்லா அடிப்படை ஊசிகளையும் போட்டு முடித்தவர்கள் தமிழ்நாட்டில் 2005-06-இல் நூற்றுக்கு 80.9 பேர், 2015-16-இல் 69.7 பேர், 2019-21-இல் 89.2 பேர். நாடு முழுவதும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நாம் இறங்கியிருக்கிறோம், பிறகு மீண்டிருக்கிறோம். இறங்கியதற்கு ஒரே காரணம் சொல்வது சரியல்ல என்றாலும், தூரமும் பயமும் சேர்ந்தால் தேதி தவறும் என்பதை என் கண்முன் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கெடுப்பில் ஒரு செய்தி என்னை எப்போதும் தொடும்: அட்டை இல்லாத வீடுகளில் தாய் நினைவிலிருந்து சொல்வதைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வருவது. நீர்மம் கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், மிஞ்சினால் கொட்டிவிடவேண்டும். வைத்திருந்தால் கிருமி சேர்ந்து விஷமாகிவிடும். எங்கள் நர்சம்மா குப்பியைத் திறந்ததும் அதன் மேல் மணியைக் குறிப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஒருநாள் அவரே ஒரு குப்பியை எடுத்து என்னிடம் காட்டினார். மேலுறையில் ஊதா நிற வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம். "சதுரம் வட்டத்து நிறத்துக்கு வந்துடுச்சுன்னா சூடு பட்டுடுச்சுன்னு அர்த்தம், போடக்கூடாது. இது பாருங்க, இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு" என்றார். பக்கத்திலிருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிர்ச்சியில், தொழிற்சாலையிலிருந்து எங்கள் ஊர் நீலக் குளிர்பெட்டி வரை ஒரு மருந்து வந்து சேரும் கதையை அந்தச் சிறு சதுரம் சொல்லிவிடுகிறது. இதைப் பார்த்த தாய்க்கு அந்த இடத்தின் மேல் வரும் நம்பிக்கை, சுவரொட்டியைப் பார்த்து வருவதில்லை.

வசதியுள்ள வீடுகளில் வேறொரு பேச்சு உண்டு: வலியில்லா ஊசி. தனியார் மருத்துவமனைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அது காய்ச்சலும் வீக்கமும் குறைவாகத் தருவது உண்மைதான். கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று சேர்த்திருப்பதால் அரசு ஊசியில் காய்ச்சல் வருகிறது. அந்த விலையுயர்ந்த ஊசியில் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருக்கின்றன. ஆனால் கக்குவானுக்கு எதிரான அதன் காப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. காய்ச்சல் தரும் ஊசியே நீண்ட நாள் காக்கிறது. அரசு ஊசி ஏழைகளுக்கான இரண்டாந்தரம் என்று எண்ணி, கைமாற்று வாங்கி வலியில்லா ஊசிக்குப் போகும் பெண்களைப் பார்க்கும்போது இதை ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும் என்று தோன்றும். முடிந்தவரை சொல்லியும் இருக்கிறேன்.

தேதி தவறுவது பெரும்பாலும் மனமில்லாததால் நடப்பதில்லை. நம் வழக்கப்படி பெண் தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போகிறாள். முதல் மூன்று தவணைகள் தாய்வீட்டில் முடிந்துவிடும். ஒன்பதாம் மாத ஊசி வரும்போது ஊர் வேறு, நர்சம்மா வேறு, முடிவு எடுப்பவரும் வேறு. அட்டை அம்மா வீட்டு அலமாரியில் இருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகளில் சில ஊசியோடு இணைந்திருப்பதால் அதுவரை எப்படியோ வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் ஊசி உண்டு என்பதே பல வீடுகளில் தெரியாது. "ஒரு வயசோட எல்லாம் முடிஞ்சுடுச்சேக்கா" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

நர்சம்மாக்கள் மேல் நான் குறை சொல்லவில்லை. ஒரே காலையில் நாற்பது குழந்தைகள், பதிவேடு, கணினிப் பதிவு, கர்ப்பிணிகளுக்கான பிக்மி என்ற அரசுப் பதிவெண், இரத்த அழுத்தம் எல்லாம் அந்த இரண்டு கைகளுக்குத்தான். ஆனால் அவர்களுடைய பயிற்சியிலேயே ஊசி போட்டபின் தாயிடம் நான்கு செய்திகளைச் சொல்லவேண்டும் என்று இருக்கிறது: இன்று போட்டது என்ன, அது எந்த நோய்க்கு; என்ன தொல்லை வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வரவேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவரவேண்டும். அரைமணி நேரம் அங்கேயே காத்திருக்கவும் சொல்லவேண்டும். பெரும்பாலான இடங்களில் கடைசி இரண்டும் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டும் விடுபட்டுப் போகின்றன. அந்த இரண்டையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்துக்காக இன்னோர் ஆளைப் போடவேண்டும் என்றாலும் அரசு போடலாம். வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பதினைந்து பெண்களைவிட நல்ல வகுப்பு எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. கேள்வி கேட்கும் தாயை ஊசி வேண்டாம் என்பவளாகப் பார்க்கும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. "படிச்சிருந்தும் இப்படிக் கேக்கறீங்களே" என்று ஒருமுறை ஒரு தனியார் மருத்துவமனையில் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அதன் பின் அங்கே நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் போன கேள்விகளோடு வீட்டுக்கு வந்து தொலைபேசியைத்தான் திறந்தேன்.

தங்கை இரண்டாவது தவணைக்கு எப்படி வந்தாள் என்று சொல்லவேண்டும். அந்தக் காய்ச்சல் இரவுக்குப் பின் நான் அவளோடு நர்சம்மாவிடம் போய், நடந்ததைச் சண்டையில்லாமல் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "கூட்டத்துல விட்டுட்டேன்மா, தப்பு என்னோடதுதான்" என்றார். பிறகு தங்கையின் மாமியாரிடம் அவரே தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினார். காய்ச்சல் வருவது மருந்து உடம்பில் வேலை செய்வதன் அடையாளம், எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டும் என்றும் இல்லை, இரண்டு நாளைக்கு மேல் இருந்தாலோ பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ இழுப்பு வந்தாலோ உடனே கொண்டுவரவேண்டும் என்றெல்லாம் விளக்கினார். மாமியார் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?" ரெண்டரை மாத ஊசிக்கு அவரே ஊரிலிருந்து வந்து பேரனைத் தூக்கிக்கொண்டு எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

தங்கை புகுந்த வீடு போகும்போது அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் நேரே அது தடுக்கும் நோயின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அப்படியும் அவள் அட்டையை அம்மாவின் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய், பின்னால் கூரியரில் அனுப்பவேண்டி வந்தது. ஒன்பதாம் மாதம் முடிந்த வாரம், புதன்கிழமை மதியம், அவளிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, மூணு ஊசி, ஒரு சொட்டு மருந்து. நானே கேட்டேன். கையில போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமாம். சின்னம்மைக்கு இல்லையாம். பக்கத்துல இருந்த பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். அடுத்தது ஒன்றரை வயசுல."